பார்சல் ருசி நம் வீட்டு டப்பாவிலேயே!

இந்த மாதப் பாடம்



சேமிப்பு, கடன், தவணை, வட்டி எல்லாவற்றையும் குழு நோட்டில் பைசா சுத்தமாக எழுதுகிறோம். பால், கேஸ், பள்ளிக்கூடச் செலவு என்று வீட்டுக் கணக்கையும் நம்மில் பலர் எழுதத் தொடங்கிவிட்டோம். ஆனாலும் பல வீட்டுக் கணக்கில் ஒரு வரி மட்டும் விட்டுப்போகிறது. அதுதான் சாயங்காலப் பார்சல். நாலு பரோட்டா, ஒரு சால்னா, ஒரு ஃப்ரைட் ரைஸ். அதைச் செலவு என்றே நாம் நினைப்பதில்லை. "இன்னைக்கு ஒரு நாள்தானே" என்று சொல்லிக்கொண்டே மாதத்தில் எட்டு நாள் ஆகிவிடுகிறது.

பார்சல் வாங்குவது தப்பு என்று சொல்ல இந்தப் பாடம் எழுதப்படவில்லை. பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, இருட்டும் நேரத்தில் வீட்டுக்குள் நுழைகிற பெண்ணிடம் "ஏன் சமைக்கலை?" என்று கேட்க யாருக்கும் உரிமை கிடையாது. நம் கேள்வி வேறு. கடையில் கிடைக்கும் அதே ருசியை, வீட்டில் எப்போதும் இருக்கும் சாமான்களை வைத்தே, அரை மணி நேரத்தில் செய்ய முடியுமா? முடியும். அதற்கு என்ன வேண்டும் என்பதைத்தான் இங்கே படிக்கப் போகிறோம்.

முதலில் கணக்கு

ஒரு எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். நான்கு பேர் உள்ள குடும்பம். ஒரு முறை பார்சலுக்கு 240 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 2 முறை, மாதத்துக்கு 8 முறை. ஆக மொத்தம் 1,920 ரூபாய்.

அதே சாப்பாட்டை வீட்டில் செய்தால் மாவு அல்லது அரிசி, வெங்காயம், தக்காளி, முட்டை, எண்ணெய், மசாலா, கேஸ் எல்லாம் சேர்த்து 100 ரூபாய் என்று வைப்போம். ஒரு முறைக்கு மிச்சம் 140 ரூபாய். எட்டுப் பார்சலில் இரண்டை அப்படியே விட்டுவிட்டு ஆறு முறை மட்டும் வீட்டில் செய்தால் மாதத்துக்கு 840 ரூபாய் மிச்சம். வருடத்துக்கு 10,080 ரூபாய்.

குழுவில் 10,000 ரூபாய் கடன் வாங்கி அதைப் பத்து மாதத்தில் அடைத்தால், அசல் தவணை மாதம் 1,000 ரூபாய் வரும். அந்தத் தவணையில் பெரும்பகுதி நம் வீட்டுப் பார்சல் கவருக்குள்ளேயே இருக்கிறது, பாருங்கள்.

இது எடுத்துக்காட்டுக் கணக்குதான். உங்கள் ஊர்க் கடையில் என்ன விலை, உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று போட்டு நீங்களே ஒரு முறை எழுதிப் பாருங்கள். அடுத்தவர் போட்ட கணக்கைவிட நம் கையால் போட்ட கணக்குதான் மனதில் நிற்கும்.

பார்சல் ஏன் வாங்குகிறோம்?

குழுக் கூட்டங்களில் இதைக் கேட்டால் முதலில் வரும் பதில், "பிள்ளைங்க கேக்குது". இரண்டாவது, "அசதியா இருக்கு". மூன்றாவதாக, மெல்லிய குரலில் ஒரு பதில் வரும்: "வீட்ல ஒண்ணும் இல்லை."

இந்த மூன்றாவது பதிலைக் கொஞ்சம் யோசிப்போம். உண்மையில் வீட்டில் அரிசி இருக்கும், பருப்பு இருக்கும், மிளகாய்த்தூள் இருக்கும். இல்லாதது என்ன? உடனே கைக்கு வருகிற மாதிரி எதுவும் இல்லை. இஞ்சி பூண்டு தோல் உரிக்கணும், தேங்காய் துருவணும், சேமியா வறுக்கணும். ஆறரை மணிக்கு இதையெல்லாம் நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது. அந்த நிமிடத்தில்தான் பையன் கையில் பணத்தைக் கொடுத்துக் கடைக்கு அனுப்புகிறோம்.

அப்படியானால் சாயங்காலம் நாம் தோற்பது சமையலில் இல்லை. முன்னேற்பாடு இல்லாததால்தான் தோற்கிறோம். பரோட்டாக் கடைக்காரர் பத்து நிமிடத்தில் பார்சல் கட்டித் தருகிறாரே, எப்படி? மாவு பிசைந்து உருட்டி வைத்திருக்கிறார். சால்னா அடுப்பில் கொதித்துக்கொண்டே இருக்கிறது. வெங்காயம் நறுக்கிக் குவித்திருக்கிறது. அவரிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம் இந்த முன்னேற்பாடுதான்.

அவசர டப்பா

மாதச் சாமான் வாங்கும்போது ஒரு பெரிய டப்பாவை மட்டும் தனியாக ஒதுக்குங்கள். இதில் இருப்பது தினசரிச் சமையலுக்கு இல்லை. அசதியான நாளுக்கு மட்டும்தான். நான்கு பேர் குடும்பத்துக்கு, மாதம் ஆறு முறைக்கு, கீழே உள்ள சாமான்கள் போதும்:

• அரிசி 1 கிலோ
• கோதுமை மாவு 1 கிலோ
• சேமியா அரை கிலோ
• கெட்டி அவல் அரை கிலோ
• மீல் மேக்கர் 200 கிராம்
• பொட்டுக்கடலை 200 கிராம்
• வறுத்த நிலக்கடலை 100 கிராம்
• சோம்பு, பட்டை, கிராம்பு, ஏலக்காய், பிரிஞ்சி இலை – ஒவ்வொன்றும் சின்னப் பொட்டலம்

உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், மல்லித்தூள் எல்லாம் அஞ்சறைப்பெட்டியிலேயே இருக்கும். வெங்காயம், தக்காளி, பூண்டு, ஆறு முட்டை மட்டும் வாரச் சந்தையில் மறக்காமல் வாங்க வேண்டியவை. அரிசியும், கிடைக்கும் ஊரில் கோதுமையும் ரேஷனிலேயே வந்துவிடும். எண்ணெய்க்கும் தனியாகச் செலவு வேண்டாம், ரேஷன் பாமாயில் போதும்.

தக்காளிக்கு மட்டும் ஒரு மாற்று தெரிந்திருக்கணும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது நமக்கெல்லாம் நினைவிருக்கும். அப்படி விலை ஏறும்போது இரண்டு தக்காளிக்குப் பதிலாக ஒரு தக்காளியும் கோலிக்குண்டு அளவு புளியும் போட்டால் சால்னா கெட்டுப்போகாது.

இந்த டப்பாவுக்கு ஒரு சட்டம் உண்டு. அது நம் குழுவில் இருக்கும் சட்டம்தான். சுழல்நிதியிலிருந்து எடுத்தால் திரும்பக் கட்டுகிறோம் அல்லவா? அதேபோல டப்பாவிலிருந்து எதை எடுத்தாலும் அடுத்த வாரச் சந்தைக்குள் திரும்ப வைத்துவிடணும். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டால் டப்பா காலியாகும். டப்பா காலியானால் மறுபடியும் கடைதான். மூடியின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டி, எடுத்ததைப் பிள்ளைகளை விட்டே எழுதச் சொல்லுங்கள். அவர்களுக்கும் கணக்கு பழகும்.

நம் பாட்டிமார் உலையில் போடும் அரிசியிலிருந்து தினம் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். இல்லாத நாளில் அந்தப் பிடியரிசிதான் குடும்பத்தைக் காப்பாற்றும். அவசர டப்பாவும் அந்த வழியில் வந்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்

டப்பா மட்டும் போதாது. வாரத்தில் ஒரு மணி நேரம் முன்வேலை செய்து வைத்தால்தான் சாயங்காலம் கை ஓடும். மூன்றே வேலைகள்.

ஒன்று, சால்னாப் பொடி. பொட்டுக்கடலை 100 கிராம், சோம்பு 2 டேபிள்ஸ்பூன், விரல் நீளப் பட்டை 4, கிராம்பு 10, ஏலக்காய் 6, மிளகு 1 டீஸ்பூன். பொட்டுக்கடலை தவிர மற்றதை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை சூடு காட்டி, ஆறியதும் எல்லாவற்றையும் சேர்த்து மிக்ஸியில் நைசாகப் பொடிக்கவும். ஈரமில்லாத டப்பாவில் போட்டால் ஒரு மாதம் தாங்கும். ஒரு தடவைக்கு 2 டேபிள்ஸ்பூன் வீதம் ஆறு தடவைக்கு வரும். தேங்காய் அரைக்க நேரம் இல்லாத நாளில் சால்னாவைக் கெட்டியாக்கி மணம் கொடுப்பது இந்தப் பொடிதான். இதை மாதம் ஒரு முறை செய்தால் போதும்.

இரண்டு, இஞ்சி பூண்டு விழுது. இரண்டும் சம அளவு, கொஞ்சம் உப்பு, ஒரு டீஸ்பூன் எண்ணெய் சேர்த்துத் தண்ணீர் விடாமல் அரைக்கவும். ஃப்ரிட்ஜ் உள்ளவர்கள் ஒரு வாரத்துக்கு அரைக்கலாம். ஃப்ரிட்ஜ் இல்லாதவர்கள் பூண்டை மட்டும் உரித்து வைத்துக்கொண்டு, தேவைப்படும் நேரத்தில் தட்டிப் போடுங்கள். அதுவும் நல்ல ருசிதான்.

மூன்று, சேமியாவைப் பொன்னிறமாக வறுத்து ஆறவைத்து டப்பாவில் போட்டு வைக்கவும். வறுத்த சேமியா குழையாது, பூச்சியும் சீக்கிரம் வைக்காது.

ஹோட்டல் ருசி எங்கிருந்து வருகிறது?

"எப்படிச் செஞ்சாலும் கடை ருசி வரலையே" என்பது நம்மில் பலரின் குறை. அதில் மந்திரம் எதுவும் இல்லை. மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, தீ. கடையில் பெரிய அடுப்பு, கனமான இரும்புக் கல். போட்ட உடனே சுர்ரென்று வதங்குகிறது. நாம் நாலு பேருக்கு வேண்டியதை மொத்தமாகச் சின்னச் சட்டியில் கொட்டுகிறோம். சட்டி சூடு இறங்கி, காய் தண்ணீர் விட்டு வெந்துபோகிறது. இரும்புச் சட்டியை நன்றாகக் காயவைத்து, இரண்டு தடவையாகப் பிரித்து வதக்கினால் வீட்டு அடுப்பிலேயே அந்த வாசம் வரும்.

இரண்டாவது, மசாலா வதங்கும் பக்குவம். வெங்காயம் சிவந்து, தக்காளி கரைந்து, மசாலாவின் ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும்வரை கடைக்காரர் பொறுமையாக வதக்குவார். இந்த ஏழெட்டு நிமிடத்தை மட்டும் நாமும் குறைக்கக் கூடாது. தக்காளி இப்படிச் சுருள வதங்கினாலே நாக்கில் ஒட்டும் ருசி தானாக வரும். தனியாக அஜினமோட்டோ தேவையில்லை.

மூன்றாவது, எண்ணெயும் உப்பும். கடையில் இரண்டும் தாராளம். இதை மட்டும் நாம் பின்பற்ற வேண்டாம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் வீட்டில் இது முக்கியம். கடைசியில் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்தால் உப்பு குறைவதே தெரியாது.

இனி அடுப்பைப் பற்றவைப்போம்

எல்லா அளவும் நான்கு பேருக்கு.

1. பத்து நிமிடம் கொதிக்கும் சால்னா

தேவை: பெரிய வெங்காயம் 2, தக்காளி 3, இஞ்சி பூண்டு விழுது 2 டீஸ்பூன், மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன், மல்லித்தூள் 2 டீஸ்பூன், மஞ்சள் கால் டீஸ்பூன், சால்னாப் பொடி 2 டேபிள்ஸ்பூன், வறுத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி, எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், கறிவேப்பிலை, உப்பு.

நிலக்கடலையைத் தோல் நீக்கிக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைத்துக்கொள்ளவும். தேங்காய் இருந்தால் அதையே அரைக்கலாம். எண்ணெய் காய்ந்ததும் கறிவேப்பிலை, வெங்காயம், விழுது, தக்காளி என்று வரிசையாகப் போட்டு எண்ணெய் பிரியும்வரை வதக்கவும். தூள் வகைகளைப் போட்டு ஒரு புரட்டு. மூன்று டம்ளர் தண்ணீர், உப்பு, அரைத்த விழுது சேர்த்துக் கொதிக்க விடவும். சால்னாப் பொடியை அரை டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றிப் பத்து நிமிடம் கொதித்தால் எம்டி சால்னா தயார். நேரடியாகப் பொடியைத் தூவினால் கட்டி தட்டும். கவனம்.

தோசை, சப்பாத்தி, இடியாப்பம் எதற்கும் பொருந்தும். ஊறவைத்துப் பிழிந்த மீல் மேக்கரையோ, அவித்த முட்டையையோ இதில் போட்டால் குழம்பாகவே ஆகிவிடும்.

2. கொத்துச் சப்பாத்தி

காலையில் சப்பாத்தி போடும் நாளில் எட்டு சப்பாத்தி கூடுதலாகப் போட்டு மூடி வையுங்கள். சாயங்காலம் அதைச் சின்னத் துண்டாகப் பிய்த்துக்கொள்ளவும். இரும்புச் சட்டியில் எண்ணெய் விட்டு, வெங்காயம் 2, பச்சை மிளகாய் 2, கறிவேப்பிலை வதக்கி, முட்டை 3 உடைத்து ஊற்றிக் கிளறவும். முட்டை முக்கால் பதம் வெந்ததும் சப்பாத்தித் துண்டுகள், அரை டீஸ்பூன் மிளகுத்தூள், இரண்டு கரண்டி சால்னா ஊற்றி, சில்வர் டம்ளரின் விளிம்பால் நறுக்கு நறுக்கு என்று கொத்தவும். சத்தம் கேட்டாலே பிள்ளைகள் தட்டோடு வந்துவிடுவார்கள்.

பரோட்டா மைதாவில் செய்வது. மைதாவில் கோதுமையின் தவிடும் முளையும் நீக்கப்பட்டிருக்கும். முழுக் கோதுமை மாவில் இரண்டும் இருப்பதால் நார்ச்சத்து கிடைக்கிறது, பசியும் தாங்கும்.

3. மீல் மேக்கர் குஸ்கா

அரிசி 2 டம்ளர், மீல் மேக்கர் 50 கிராம், வெங்காயம் 2, தக்காளி 2, இஞ்சி பூண்டு விழுது 2 டீஸ்பூன், மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன், மஞ்சள் கொஞ்சம், தயிர் 3 டேபிள்ஸ்பூன், பட்டை 2 துண்டு, கிராம்பு 3, ஏலக்காய் 2, பிரிஞ்சி இலை 1, சோம்பு அரை டீஸ்பூன், எண்ணெய் 3 டேபிள்ஸ்பூன், உப்பு. புதினா இருந்தால் ஒரு கைப்பிடி.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அரிசியைக் கழுவி ஊறவைத்துவிடுங்கள். மீல் மேக்கரைச் சுடுதண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, இரண்டு முறை அலசி, ஒட்டப் பிழியவும். அப்போதுதான் அதன் பச்சை வாசம் போகும். குக்கரில் வாசனைச் சாமான்களைத் தாளித்து, வெங்காயம் சிவக்க வதக்கி, விழுது, தக்காளி, புதினா, தூள்கள், தயிர், மீல் மேக்கர் என்று சேர்த்து வதக்கவும். பச்சரிசி என்றால் ஒரு டம்ளருக்கு இரண்டு டம்ளர் கணக்கில் தண்ணீர் வைத்து, அதில் கால் டம்ளர் குறைத்துக்கொள்ளவும். இரண்டு விசில், பிறகு சிம்மில் ஐந்து நிமிடம். புழுங்கலரிசி என்றால் நம் வீட்டுக் குக்கரில் வழக்கமாக எவ்வளவு தண்ணீர், எத்தனை விசிலோ அதே கணக்குதான்.

சோயா மாவிலிருந்து செய்யும் மீல் மேக்கரில் 100 கிராமுக்கு 50 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. கறி எடுக்க முடியாத வாரத்தில் குறைந்த செலவில் வளரும் பிள்ளைகளுக்குப் புரதம் கொடுக்க இது நல்ல வழி.

4. சேமியா நூடுல்ஸ்

வறுத்த சேமியா 250 கிராம். அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் கொதிக்கவைத்து, உப்பும் ஒரு டீஸ்பூன் எண்ணெயும் விட்டுச் சேமியாவைப் போடவும். இரண்டு மூன்று நிமிடத்தில் ஓர் இழையை எடுத்து நசுக்கிப் பாருங்கள். நடுவில் லேசாக உறுதி தெரியும்போதே வடித்து, பச்சைத் தண்ணீர் ஊற்றி அலசி, தட்டில் பரப்பவும். சட்டியைக் காயவைத்து, பூண்டு பத்துப் பல் பொடியாக நறுக்கிப் போட்டு, வெங்காயம், கேரட், முட்டைக்கோஸ் என்று இருப்பதைப் போட்டுப் பெருந்தீயில் மூன்று நிமிடம் வதக்கவும். காய் நறுக்கென்று இருக்கணும். சேமியாவைக் கொட்டி, ஒரு டீஸ்பூன் மிளகுத்தூள், உப்பு, எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கிளறி இறக்கவும். சோயா சாஸ் சேர்ப்பவர்கள் உப்பைக் குறைக்கணும். சாஸிலேயே உப்பு அதிகம்.

இதற்கும் தெம்பு இல்லாத நாள் ஒன்று வரும். அன்றைக்கு அவல் இருக்கிறது. கெட்டி அவலைக் கழுவி வடித்துப் பத்து நிமிடம் வைத்து, வெங்காயம், மிளகாய், நிலக்கடலை தாளித்துக் கொட்டிக் கிளறி, மேலே ஒரு முட்டைப் பொரியல். கால் மணி நேரம்கூட ஆகாது.

கவனிக்க வேண்டிய நான்கு

சோறு: ஃப்ரைட் ரைஸ் செய்யக் காலைச் சோற்றை வெளியிலேயே சாயங்காலம்வரை வைத்திருந்து வறுக்கக் கூடாது. வேகவைத்த சோறு சூடாகவோ வெதுவெதுப்பாகவோ பல மணி நேரம் கிடந்தால் அதில் ஒரு வகைக் கிருமி பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். அதனால் அப்போதே முக்கால் பதத்தில் வடித்து, தட்டில் பரப்பி ஆறவைத்து வறுங்கள். இல்லையேல் வடித்த சோற்றைச் சீக்கிரம் ஆற்றி ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள்.

எண்ணெய்: பொரித்த எண்ணெயிலேயே மறுபடி மறுபடி பொரிப்பது உடம்புக்குக் கேடு. காய்ச்சிக் காய்ச்சி உண்டாகும் கெட்ட பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைக் கடைகள் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை 1 முதல் மத்திய அரசின் விதி உள்ளது. கடைக்குச் சொல்கிற விதியை நம் வீட்டு வாணலிக்கும் சொல்லிக்கொள்வோம். கறுத்து, நுரைத்து, பிசுபிசுப்பான எண்ணெயைத் தாளிக்கக்கூட எடுக்க வேண்டாம்.

நிறம்: சிவப்பாக இருந்தால்தான் பிள்ளைகள் சாப்பிடும் என்று கலர்ப்பொடி வாங்க வேண்டாம். துணிக்குச் சாயமேற்றும் ரோடமின் பி கலந்திருந்ததால் தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது. அடுத்த மாதமே கர்நாடகத்தில் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்ப்பதைத் தடை செய்தார்கள். காஷ்மீரி மிளகாய்த்தூளோ, ஒரு துண்டு பீட்ரூட் சாறோ போதும். நல்ல சிவப்பு வரும்.

கவர்: கொதிக்கிற சால்னாவைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்க வேண்டாம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. கடைக்குப் போகிறவர் கையில் ஒரு தூக்குவாளி கொடுத்தனுப்புங்கள்.

யார் கரண்டி பிடிப்பது?

இதைப் பேசாமல் இந்தப் பாடம் முடியாது. வீட்டில் செய்தால் 140 ரூபாய் மிச்சம் என்று கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கில் நம் அரை மணி நேர உழைப்புக்குக் கூலி போடவில்லை. பணத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று இன்னொரு வேலையையும் பெண் தலையில் ஏற்றினால், அதற்குப் பெயர் சேமிப்பு இல்லை.

ஆகவே வேலையைப் பிரிப்போம். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை அரிசியைக் கழுவி ஊறவைக்கலாம். மகன் வெங்காயம் உரிக்கலாம். வீட்டுக்காரர் சால்னாவுக்கு வதக்கலாம், சப்பாத்தியைக் கொத்தலாம். "ஆம்பளை அடுப்படிக்குள்ள வர்றதா?" என்று கேட்பவர்களிடம் ஒன்று சொல்லுங்கள். நாம் தேடிப் போய் வாங்குகிற பரோட்டாவை அடித்துக் கொடுக்கும் மாஸ்டர்களில் பெரும்பாலும் ஆண்கள்தானே! கடையில் பெருமையாக இருக்கும் கரண்டி வீட்டில் மட்டும் எப்படிக் கேவலமாகும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது நம் பங்கு எவ்வளவு? நாலு பேர் வீட்டுக்கு மூன்று பொட்டலம் வாங்கி, "எனக்குப் பசியில்லை, நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, மிச்சச் சால்னாவைப் பழைய சோற்றில் ஊற்றிச் சாப்பிடுகிறவர்கள் நாம். 2019-21ஆம் ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கும் மேல் ரத்தசோகை இருக்கிறது. சட்டி நிறையச் செய்த குஸ்காவில் நமக்கும் ஒரு தட்டு உண்டு. எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, ஒரே நேரத்தில், ஒரே அளவு சாப்பிடுவது என்று வீட்டில் முடிவு செய்யுங்கள். பாத்திரத்தில் மிஞ்சியது அம்மாவுக்கு என்ற வழக்கம் நம் தலைமுறையோடு போகட்டும்.

அப்படியானால் பார்சலே வேண்டாமா?

வேண்டும். நம் குழுக்களிலேயே இட்லிக்கடை, சாயங்கால டிபன் கடை நடத்தும் சகோதரிகள் இருக்கிறார்கள். குழுக் கடனில் தள்ளுவண்டி வாங்கி முன்னேறியவர்கள். அவர்கள் பிழைப்பும் நம் பிழைப்புதான். அதனால்தான் எட்டில் இரண்டைக் கணக்கில் விட்டு வைத்தோம். மாதம் இரண்டு முறை, முன்பே நாள் குறித்து, சுத்தமாகச் செய்யும் நம் சகோதரியின் கடையில், தூக்குவாளியோடு போய், வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் முழுதாக வாங்குங்கள். கணக்கு நோட்டிலும் ஒரு வரி எழுதுங்கள். திட்டம் போட்டு வாங்கினால் அது சந்தோஷச் செலவு. வேறு வழியில்லாமல் வாங்கினால்தான் அது பாரம்.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

1. போன மாதம் நம் வீட்டில் எத்தனை முறை பார்சல் வாங்கினோம்? மொத்தச் செலவு எவ்வளவு?

2. அதில் எத்தனை முறை ஆசைப்பட்டு வாங்கினோம்? எத்தனை முறை வேறு வழியில்லாமல் வாங்கினோம்?

3. அவசர டப்பாவில் நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் வேறு எதைச் சேர்க்கலாம்?

4. சால்னாப் பொடியைக் குழுவாகச் சேர்ந்து மொத்தமாக அரைத்தால் ஒரு வீட்டுக்கு என்ன செலவாகும்?

5. சாயங்காலச் சமையலில் வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் இப்போது என்ன வேலை செய்கிறார்கள்? இந்த மாதம் எந்த ஒரு வேலையை அவர்களிடம் கொடுக்கப் போகிறோம்?

இந்த மாதச் செயல்

கூட்டம் முடிந்து போகும்போதே ஒவ்வொருவரும் ஒரு டப்பாவை ஒதுக்குவதாக முடிவெடுப்போம். வரும் ஞாயிறு சால்னாப் பொடி அரைப்போம். மாதக் கடைசியில் மிச்சமான தொகையைத் தனியாக எடுத்து வைத்து, அடுத்த கூட்டத்தில் விருப்பச் சேமிப்பாகக் கட்டுவோம். 840 ரூபாயாகத்தான் இருக்கணும் என்றில்லை, 200 ரூபாயாக இருந்தாலும் சரி. வழக்கமான சந்தாவுக்கு மேல் அந்தத் தொகை நம் பெயரில், நம் பாஸ்புக்கில் ஏறும்போது, அசதியான ஒரு சாயங்காலத்தை நாம் எப்படிச் சமாளித்தோம் என்பதற்கு அதுவே சாட்சி.

உங்கள் வீட்டு டப்பாவிலிருந்து அரை மணி நேரத்தில் செய்யும் புதுப் பலகாரம் ஏதாவது இருந்தால், அளவோடு எழுதிக் குழுப் பிரதிநிதியிடம் கொடுங்கள். மற்ற ஊர்ச் சகோதரிகளும் செய்து பார்க்கட்டும்.